குலசிங்கத்தாரின் இடுப்பு

"அப்பாட்டை எப்ப கேக்கப் போறியள்?"

"என்னெண்டு கேக்கிறது, நிலாணி? பாங்கிலை காசு எண்ணிக் குடுக்கிற ரெல்லரா நிக்கிறன், உங்கட மகளைத் தாங்கோ எண்டோ?"

"அப்பா ஆளைக் கடிக்கிறவர் இல்லை."

"கடிக்கமாட்டார். ஆனால் போன கிழமை கோயிலிலை என்ன சொன்னவர் எண்டு நீர்தானே வந்து சொன்னனீர்?"

"என்ன சொன்னவர்? சீமோன் அங்கிளுக்கு டொக்டர் மருமகன் வாய்ச்சிட்டான், குடுத்துவைச்ச மனிசன் எண்டார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான்."

"பாத்தீரோ? அந்தப் பெருமூச்சுதான் விசயமே!"

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பிரியந்தனும் நிலாணியும் பேசிய பேச்சு அது. அதற்கு அடுத்த மாரிக் குளிரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஒரு மனிதர் பிரியந்தனின் வீட்டு சோபாவில் சாய்ந்திருந்து, வீங்கிய பாதத்தை அவனுடைய மூக்குக்கு நேரே நீட்டியபோது, பிரியந்தனுக்கு நிலாணியின் அப்பா விட்ட அந்தப் பெருமூச்சுத்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் அன்றைக்கு மூச்சைக் கொஞ்சம் மெதுவாக விட்டிருந்தால் இந்தப் பாதம் இங்கே வந்திராது.

டோனட் கடையிலிருந்து எழுந்து வெளியே வந்தபோதே பிரியந்தன் முடிவெடுத்துவிட்டான். டொக்டராவது. ஆகிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிலாணியைக் கேட்பது. இதில் ஒரேயொரு சிக்கல், அவனுடைய பரீட்சைப் புள்ளிகள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இரவில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தான். பகலில் வகுப்பில் நித்திரை கொண்டான். ஒகானிக் கெமிஸ்றி அவனை ஒரு தரம் வீழ்த்தி, எழுந்து வந்தவனை இன்னொரு தரமும் வீழ்த்தியது. இந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகள் அவனுக்கு மிகவும் மரியாதையாக, மிகவும் சுருக்கமாகப் பதில் அனுப்பின.

கடைசியில் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்லும் ஒரு பெண்மணிதான் வழி காட்டினார். எல்லை தாண்டினால் அமெரிக்காவில் ஒஸ்ரியோபதி மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்தாலும் முழு டொக்டர்தான். மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சையும் செய்யலாம். அதோடு எலும்பையும் தசையையும் கையால் தொட்டு அறிகிற வித்தையையும் கற்றுக்கொடுப்பார்கள். "புள்ளியைப் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் புள்ளிக்குப் பின்னால் நிற்கிற மனிதனையும் பார்ப்பார்கள். நோயாளிகளோடு பழகு. அப்படி ஒருவரைப் பற்றியாவது உனக்குச் சொல்லத் தெரியவேண்டும்."

பிரியந்தன் நோர்த் யோர்க்கில் ஒஸ்ரியோபதி படித்த ஒரு டொக்டரைத் தேடிப் பிடித்தான். வாரத்தில் இரண்டு மாலை அவருடைய கிளினிக்கில் நின்று பார்க்கலாம். நோயாளியிடம் கேள்வி கேட்கலாம். தொடக்கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. கெடுத்தவர் அவனுடைய அம்மா புவனேஸ்வரி. கெடுக்கவேண்டும் என்று கெடுக்கவில்லை. ரெலிபோனில் யாரோ, "மகன் இப்ப என்ன படிக்கப் போறார்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒஸ்ரியோபதி என்ற சொல் அவருடைய வாய்க்குள் நுழையவில்லை.

"அதுதான், எங்கட ஒட்டகப்புலத்தார் செய்யிறதுதான். உவன் அதை இங்கிலிசிலை செய்யப்போறான்."

யாழ்ப்பாணத்தாருக்கு ஒட்டகப்புலம் என்றால் போதும். கை முறிந்தாலும் கால் பிரண்டாலும் தலைமுறை தலைமுறையாக ஓடிப்போகிற ஊர் அது. ரொறன்ரோவில் ஒட்டகப்புலத்துக்குக் கிளை திறந்தாயிற்று என்ற சேதி இரண்டே நாளில் பரவியது. மூன்றாம் நாள் வந்ததுதான் அந்தப் பாதம். பாதத்துக்குச் சொந்தக்காரர் யேசுரட்ணம், ஐஸில் சறுக்கி விழுந்தவர். கையோடு ஒரு போத்தல் நல்லெண்ணெயும், பற்றுப் போடுவதற்கு அரை டசின் முட்டையும் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, கையை வையுமன்."

"அங்கிள், நான் தொடக்கூடாது."

யேசுரட்ணம் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "விரதமோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை அங்கிள். நான் இன்னும் படிக்கவே தொடங்கேல்லை."

"சரியான அடக்கமான பெடியன்," என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார் யேசுரட்ணம். உள்ளே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த புவனேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது.

பிரியந்தன் வேறு வழியில்லாமல் எப்படி விழுந்தார், எங்கே நோகிறது, ஊன்ற முடிகிறதா என்று கேட்டான். பிறகு, "அங்கிள், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கோ," என்றான். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தது. அன்று மாலையே ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா வரைக்கும் ரெலிபோன்கள் அடித்தன. "கையே வைக்கேல்லையாம். பாத்தாப்போலை முறிவெண்டு சொல்லிப்போட்டானாம்!"

அடுத்த ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு சோபாவில் இடமில்லை.

பிரியந்தன் கதவில் ஒரு மட்டையை ஒட்டினான். 'இங்கே வைத்தியம் பார்ப்பதில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். அரை மணித்தியாலத்தில் மணி அடித்தது. தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றார்.

"நல்லகாலம் தம்பி, போர்ட் போட்டிருக்கிறியள். ஏழாம் மாடி முழுக்கக் கதவு கதவா அலைஞ்சு திரிஞ்சன்."

"அன்ரி, போர்டிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான். வைத்தியம் எண்டு கிடந்தது. வேறை யார் கதவிலை உப்பிடி எழுதிக்கிடக்கு?"

மட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் லைப்ரரிக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி அம்மாவிடம் கெஞ்சினான். புவனேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பவும் வராது. "லைப்ரரிக்குப் போட்டான். இந்தா, இப்ப வந்திடுவான், இருங்கோ," என்று எல்லோரையும் உட்கார்த்தி வைத்தார். லைப்ரரியில் நாலு மணித்தியாலம் ஒளிந்திருந்துவிட்டு வந்தவனை, நாலு மணித்தியாலமாகக் காத்திருந்த பதினொரு பேர் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர் முறைப்பாட்டோடு வந்தார். எலிவேற்றர் நிறைய நொண்டுகிறவர்களாம், என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார். புவனேஸ்வரி தேத்தண்ணியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார். குடித்து முடித்தவர், போகும்போது தன் வலது முழங்கையை மடக்கிக் காட்டி, இதுவும் கொஞ்சக் காலமாக ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

பிரியந்தன் ஒருவரையும் தொடவில்லை. ஒரு மருந்தும் சொல்லவில்லை. எல்லோரையும் அவரவர் டொக்டரிடம் அனுப்பினான். ஆனால் கேட்டான். பிறம்ரன் கிடங்குகளில் பெட்டி தூக்குகிற முதுகும், தையல் மெசினில் குனிந்த கழுத்தும், பனி வழித்த தோளும் சொல்வதை எல்லாம் இருந்து கேட்டான். இந்த ஊருக்கு வந்தபிறகு தங்களிடம் ஒருவரும் இவ்வளவு நேரம் ஒன்றும் கேட்டதில்லை என்பதால், அவர்கள் பாதி சுகத்தோடு எழுந்து போனார்கள்.

இப்படியிருக்கையில்தான் ஒரு ஞாயிறு மணி அடித்து, பிரியந்தன் கதவைத் திறந்தான். வெளியே நின்றவர் குலசிங்கத்தார். நிலாணியின் அப்பா.

"வாங்கோ அங்கிள்," என்றான். இன்னொரு தரம் சொன்னான்.

குலசிங்கத்தார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கண்டால், "என்னடாப்பா, பாங்கிலை எங்கட காசெல்லாம் பத்திரமோ?" என்று முதுகில் தட்டுகிறவர். இன்றைக்கு அவனை நேரே பார்க்கவில்லை.

"தம்பி... நீங்கள்... உங்களட்டை ஒரு விசயம் கேக்கோணும் எண்டு..."

நீங்களா? பிரியந்தனுக்கு வியர்த்தது. டோனட் கடையில் யாராவது கண்டிருப்பார்களோ?

"கேளுங்கோ அங்கிள்."

குலசிங்கத்தார் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். எச்சிலை விழுங்கினார்.

"இடுப்பு," என்றார்.

பிரியந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எந்தப் பக்கம்?"

"பக்கமோ? ம்... வலது பக்கம்."

அடுத்த ஞாயிறும் வந்தார். அன்றைக்கு இடது பக்கம். அதற்கடுத்த முறை நோவு தோளுக்கு ஏறியிருந்தது. பிறகு முழங்காலுக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் "தம்பி, ஒண்டு கேக்கோணும்" என்று தொடங்குவார். வாய் திறந்தபடியே நிற்கும். பிறகு ஏதாவது ஓர் உறுப்பின் பெயர் வரும். மனைவி மங்கையற்கரசி எப்போதும் கீழே காருக்குள் இருப்பார். "மேலை கூட்டிக்கொண்டு வாங்கோவன், பாவம் குளிருக்கை," என்று புவனேஸ்வரி சொன்னால், "வேண்டாம் அக்கா, அவ வந்தால் கதை குழம்பிப்போம்," என்பார்.

பிரியந்தன் நிலாணிக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அப்பாவுக்கு நோவோ? எனக்குத் தெரியாதே! நேற்றும் சோபாவைத் தனியத் தூக்கி மாத்திப் போட்டவர்."

"உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு மறைக்கிறார், நிலாணி. என்னட்டை மட்டும்தான் சொல்லுறார். அதுவும் முழுக்கச் சொல்லேல்லை. வேறை என்னமோ பெரிசா இருக்குது. சொல்ல வாறார், விழுங்கிப்போடுறார்."

"ஐயோ! இப்ப என்ன செய்யிறது?"

கிளினிக் டொக்டரிடம் கேட்டான். கூட்டி வா, பார்க்கிறேன் என்றார். குலசிங்கத்தார் அசையவில்லை. "வெள்ளைக்காரனட்டை இதை என்னெண்டு தம்பி சொல்லுறது? உங்களட்டைத்தான் சொல்லோணும்." ஆகவே பிரியந்தன், பாரம் தூக்க விடாமல் பார்த்துக்கொள்ளும்படியும், படுக்கை கொஞ்சம் கடினமாக இருந்தால் நல்லது என்றும் நிலாணியிடம் சொல்லிவைத்தான்.

நிலாணி தகப்பனில் உயிரை வைத்திருந்தவள். அன்றிரவே மெத்தையை உருவி எடுத்துவிட்டுக் குலசிங்கத்தாரை வெறும் பலகையில் படுக்கவைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு எல்லாம் தெரியும் அப்பா," என்று கண் கலங்கினாள். மகளுக்கு எல்லாம் தெரியும் என்பதைக் கேட்ட குலசிங்கத்தார், பேயறைந்தவர்போலப் பலகையில் ஏறிப் படுத்தார். இரண்டு கிழமையில் அவர் நடக்கிற நடை மாறியது. மூன்றாம் கிழமை சோபாவிலிருந்து எழும்பும்போது, "அம்மா!" என்று உண்மையாகவே கத்தினார்.

அதே கிழமைதான் எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு கல்லூரி பிரியந்தனை நேர்முகத்துக்கு அழைத்தது. பஸ்ஸில் போகப்போகிறான் என்று புவனேஸ்வரி சொன்னதும் குலசிங்கத்தார் நிமிர முயன்றார்.

"பஸ்ஸோ? நான் பிறகு என்னத்துக்கு இருக்கிறன்? நான் கொண்டுபோய் விடுறன்."

"அங்கிள், நாலு மணித்தியால ஓட்டம். உங்கட இடுப்பு..."

"இடுப்புக் கிடக்கட்டும்!" என்றார் குலசிங்கத்தார் வீரமாக. பிறகு ஞாபகம் வந்தவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நேர்முக நாள் விடிய மூன்று பேராகப் புறப்பட்டார்கள். பின்சீற்றில் மங்கையற்கரசி, மடியில் இடியப்பப் பார்சல். முன்சீற்றில் சூட்டும் கோட்டுமாகப் பிரியந்தன். குலசிங்கத்தாரின் முதுகுக்குப் பின்னால் அவன் இரண்டு தலையணைகளைச் செருகியிருந்ததால், அவருடைய மூக்கு ஸ்டியரிங்கை முட்டுகிற தூரத்துக்கு வந்திருந்தது.

"தம்பி," என்று தொடங்கினார், பெருந்தெருவில் ஏறியதும். "கன நாளா ஒண்டு..."

"நோகுதோ அங்கிள்? நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தி, பனிக்குள் இறக்கி, காரைச் சுற்றி இரண்டு தரம் நடக்க வைத்தான். மறுபடியும் புறப்பட்டார்கள்.

"என்னெண்டால் தம்பி..."

"நிப்பாட்டுங்கோ அங்கிள்!"

இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் பின்சீற்றிலிருந்து ஒரு பெரிய மூச்சு கேட்டது. எல்லையில் அதிகாரி தலையை நீட்டி, இந்த இளைஞர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். குலசிங்கத்தார் வாயைத் திறந்தார், சிவந்தார், மூடினார். பிரியந்தன் முந்திக்கொண்டு, "நோயாளி," என்றான்.

"உங்கள் இருவரில் யார்?" என்று கேட்டார் அதிகாரி.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மூத்த பெண் டொக்டர் அவனுடைய கெமிஸ்றிப் புள்ளியைக் கண்ணாடிக்கு மேலாலும் கீழாலும் பார்த்தார்.

"இதற்கு என்ன விளக்கம்?"

"இரவு வேலை ஒரு காரணம்," என்றான் பிரியந்தன். "மற்றது, முதல் இரண்டு தரமும் எனக்கு அது விளங்கவில்லை. மூன்றாம் தரம்தான் விளங்கியது."

ஒருவர் சிரித்தார். மற்றவர் எழுதிக்கொண்டார்.

"சரி. நீ பழகிய ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்."

அவன் குலசிங்கத்தாரைப் பற்றிச் சொன்னான். வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போன நோவை, தோளுக்கு ஏறி முழங்காலுக்கு இறங்கியதைச் சொன்னான். மடியில் தொப்பியை உருட்டுகிற விரல்களை, தொடங்கித் தொடங்கி நின்றுபோகிற வசனத்தைச் சொன்னான். மனைவிக்கும் மகளுக்கும் மறைக்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னான்.

"அவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று நினைக்கிறாய்?"

"தெரியவில்லை, டொக்டர். பயப்படுகிறார் என்பது மட்டும் தெரிகிறது. அவர் தானாகச் சொல்லும்வரைக்கும் நான் பக்கத்தில் இருப்பேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போகும்போது அந்தப் பெண் டொக்டர் கதவு வரைக்கும் வந்தார். "தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் இன்றைக்கு நீதான். உன் கெமிஸ்றியை மறக்க எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுக்கும். கடிதம் பின்னால் வரும். ஆனால் ஆகஸ்ட் மாதத்துக்கு இங்கே வீடு பார்க்கத் தொடங்கு."

பிரியந்தன் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடவில்லை, மிதந்து போனான். டொக்டர்! இனிக் கேட்கலாம். இன்றைக்கே, இப்போதே நிலாணியைக் கேட்கலாம். ஆனால் தலையணைகளுக்கு நடுவில் கூனிக் குறுகி இருந்த குலசிங்கத்தாரைக் கண்டதும் மனம் சுருங்கியது. முதலில் அவருடைய வருத்தம். அதைக் கேட்காமல் மகளைக் கேட்பவன் மனிதனா?

"கிடைச்சிட்டுது அங்கிள்," என்றான், கார்க் கதவைத் திறந்துகொண்டே.

குலசிங்கத்தாரின் முகம் மலர்ந்தது. மறு கணம், ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி கேட்டவரைப்போல வாடிப்போனது.

"அப்ப... டொக்டர்தான்," என்றார்.

"ஓம் அங்கிள். இனியெண்டாலும் சொல்லுங்கோ. எவ்வளவு பெரிய வருத்தமெண்டாலும் பாப்பம். நான் இருக்கிறன்." அவருடைய கையைப் பிடித்தான். முதல் முறையாக ஒரு நோயாளியைத் தொட்டான். "எனக்கும் உங்களட்டை ஒண்டு கேக்க இருக்கு."

"எனக்கும்தான் தம்பி..." குலசிங்கத்தார் மற்றக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "இந்த... இந்த..."

"சொல்லுங்கோ அங்கிள்."

"இந்தக் கழுத்து..."

"காணும், நிப்பாட்டுங்கோ!"

குரல் பின்சீற்றிலிருந்து வந்தது. மங்கையற்கரசி இடியப்பப் பார்சலைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு சீற்றுக்கும் நடுவால் தலையை நீட்டினார். ஒரு மாரி முழுவதும் காருக்குள் விறைத்துக் கிடந்தவரின் முகம் அது.

"தம்பி, இவருக்கு இடுப்புமில்லை, கழுத்துமில்லை. உம்மட பலகையிலை படுத்தாப்பிறகு வந்த நோவு மட்டும்தான் மெய். நீர் பாங்கிலை நிண்ட நாளிலேயே உம்மைக் கேக்கவெண்டு, கேக்கேலாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்த மனிசன். உம்மட தாயைக் கேப்பம் எண்டன், முதலிலை பெடியன்ரை மனசைப் பாப்பம் எண்டார். டொக்டருக்குப் படிக்கப் போறீராம் எண்டு கேள்விப்பட்ட நாளிலை இருந்து, எங்களைப் போலை ஆக்களுக்கு இனி உது எட்டுமோ எண்டு வாய் ஒட்டிப்போச்சு. ஒவ்வொரு ஞாயிறும் கேக்கவெண்டு வெளிக்கிட்டு வருவார், ஒரு நோவைச் சொல்லிப்போட்டு இறங்கி வருவார். இப்ப நான் கேக்கிறன்."

அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"நீர் டொக்டர் எண்டாலும் பரவாயில்லை, எங்கட நிலாணியைக் கட்டுவீரோ?"